ஒருநாள் விட்டு ஒருநாள் வந்த நடுக்கம்

அக்காவிடம் ஏச்சு வாங்காமல் அந்த வீட்டில் யாரும் ஒரு பிடி சோறு தின்றதில்லை. கப்பலால் இறங்கிய சனம் பசியோடு படலையைத் திறக்கும். அக்கா அடுப்படியில் இருந்தபடியே தொடங்கிவிடுவார்.

"காலைக் கழுவிப்போட்டு வாங்கோ. கடற்கரை மணல் முழுக்க உங்கடை காலிலைதான் கிடக்கு. வாளி உதிலை இருக்கு, கண் தெரியேல்லையோ?"

வந்தவர்கள் திகைத்துப்போவார்கள். பிறகு காலைக் கழுவிக்கொண்டு, சத்தம் போடாமல் பாயில் வரிசையாக உட்காருவார்கள். திரும்பிப் போகும்போதும் அதே படலையைத் தேடித்தான் வருவார்கள். ஏச்சு வாங்குவதில் மனிதர்களுக்கு இத்தனை ஆசையா என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

நான் அப்போது தலைமன்னார்த் துறையடி ஸ்டேசனில் சாமான் பகுதிக் கிளாக்கர். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவன், தனியாள். மூன்று நேரச் சாப்பாடும் அக்கா வீட்டில்தான். இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் எங்கள் துறையில் கப்பலை விட்டு ரயில் ஏறவேண்டும், போகிறவர்கள் ரயிலை விட்டுக் கப்பல் ஏறவேண்டும். இரண்டுக்கும் நடுவில் தங்குகிற சனத்தை நம்பித்தான் அந்தக் கரை சீவித்தது. துரைமாருக்கும் பணக்காரருக்கும் ஒரு பங்களா இருந்தது. மற்றவர்களுக்கு அக்கா வீடு. அக்கா பேசாலையில் பிறந்தவர். கலியாணம் முடித்துத் தலைமன்னாருக்கு வந்தார், புருசனைக் கடல் கொண்டுபோனது, அதன்பிறகு தங்கச்சியைக் கூட்டிவந்து இரண்டு பேருமாகச் சோறு போட்டார்கள். தங்கச்சி அதிகம் பேசமாட்டாள். அக்கா ஏசுகிறபோது முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு சிரிப்பாள். அவளுடைய சிரிப்பைக் கண்டால்தான் அக்காவின் ஏச்சு அடங்கும்.

வழிப்போக்கருக்குச் சோறு போட்டுப் பிழைக்கிறவர்களுக்கு முதலில் இருக்கவேண்டிய குணம் அக்காவிடம் இல்லவே இல்லை. அவருக்குப் பொய் சொல்ல வராது.

"அக்கா, மீன் இண்டைக்குப் பிடிச்சதோ?"

"இல்லை, நேற்றையது. புளி விட்டு வைச்சிருக்கிறன். விருப்பமெண்டால் சாப்பிடுங்கோ, இல்லாட்டிச் சொதியை விட்டுத் தின்னுங்கோ."

"நுளம்பு இருக்குமோ?"

"இருக்கும். கடிக்கும். நுளம்புக்குப் பயந்தவை ஏன் தலைமன்னாருக்கு வாறியள்?"

பங்களாக்காரர் அப்படி இல்லை. அவர் வாயைத் திறந்தால் தேன் வழியும். அவருடைய பங்களாவில் எல்லா மீனும் அன்றைய மீன், எல்லா அறையும் கடலைப் பார்த்த அறை. ஒருமுறை ஒரு வெள்ளைக்கார அம்மாவைப் பிடித்து, கொண்டச்சிக் கரையில் நாளைக்கு முத்துக் குளிக்கிறார்கள், கார் பிடித்துத் தருகிறேன் என்று ஆசை காட்டிக்கொண்டிருந்தார். அக்கா அந்த வழியாகக் கத்தரிக்காய்க் கூடையோடு வந்தார். என்ன பேச்சு என்று என்னைக் கேட்டார். சொன்னேன்.

"முத்துக் குளிச்சுக் கன வருசம். இப்ப அங்கை போனால் சிப்பி ஓட்டிலை காலைத்தான் வெட்டிக்கொண்டு வருவா. உந்த மனுசிக்குச் சொல்லுங்கோ தம்பி, நல்ல சப்பாத்துப் போட்டிருக்கிறா, பாவம்."

நான் ஒரு சொல் விடாமல் இங்கிலீசில் சொன்னேன். சப்பாத்தையும் சேர்த்துச் சொன்னேன். பங்களாக்காரர் என்னைப் பார்த்த பார்வை இன்றைக்கும் நினைவிருக்கிறது, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சந்தோசம்தான்.

பிற்காலத்தில் நான் கலியாணம் முடித்து, மனைவியோடு இராமேஸ்வரம் போகிற வழியில் அக்கா வீட்டில் ஒரு பகல் தங்கினேன். புதுப்பெண் என்று பலகாரம் சுட்டு வைத்திருந்தார். அதைக் கையில் கொடுத்துக்கொண்டே அவளிடம், "பிள்ளை, இவருக்கு மீன் முள்ளு எடுக்கத் தெரியாது. கோவமும் கெதியா வரும், லேசிலை போகாது. விசாரிச்சுத்தான் கட்டினனீரோ?" என்று கேட்டார். என் மனைவி இல்லை என்று தலையாட்டினாள். "அப்ப இனி என்ன செய்யிறது, இன்னொரு பலகாரம் எடும்" என்றார் அக்கா.

கோபம் லேசில் போகாது என்று அவர் சொன்னது மெத்தச் சரி. நான் சொல்லப்போகிற விசயம் நடந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. எனக்கு இன்னும் போகவில்லை.

வட இந்தியாவில் பெரிய பூமியதிர்ச்சி வந்த வருடம் அது. மார்கழி மழை விட்டிருந்தது, வாடைக்காற்று அடித்துக்கொண்டிருந்தது. ஊர் ஊராக இடிந்து விழுந்துவிட்டதாகவும், உயிரோடு மண்ணுக்குள் போனவர்களுக்குக் கணக்கில்லை என்றும் பேப்பரில் வந்ததை ஸ்டேசனில் ஒருவர் உரத்து வாசித்தார். சிலர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். பங்களாக்காரர் மட்டும் விரலால் தாடையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"இந்த முறை வடக்கை பாக்கப் போற வெள்ளைக்காரர் ஒருத்தரும் அங்காலை போகமாட்டினம். எல்லாம் இலங்கைக்குத்தான் திரும்புவினம். அங்கை இடிஞ்சால் இஞ்சை நிறையும்" என்றார்.

அடுத்த ரயிலிலேயே அவருக்குப் புது மெத்தைகள் வந்து இறங்கின. அவற்றைக் கையெழுத்து வாங்கிக் கொடுத்தவன் நான். மெத்தை வண்டியில் ஏறுகிறதைப் பார்த்த அக்கா நடுத் தெருவில் நின்று ஏசினார்.

"செத்தவீட்டுக் கொள்ளியை எடுத்து அடுப்பு மூட்டுறியள். உந்த மெத்தையிலை ஆருக்கு நித்திரை வரும்?"

"உனக்கென்ன தெரியும் பிள்ளை, இது வியாபாரம்" என்று சிரித்தார் அவர்.

அக்காவின் ஏச்சில் அந்த நாட்களில் வழக்கத்தைவிடக் காரம் கூடியிருந்தது. காரணம் வீட்டுக்குள் கிடந்தது. தங்கச்சி ஒரு நேர்த்திக்கடனுக்காகக் காட்டுக்குள் இருக்கிற மடு மாதா கோவிலுக்குப் போய்வந்தவள், காட்டுக் காய்ச்சலோடு திரும்பியிருந்தாள். ஒருநாள் வரும், அடுத்த நாள் விட்டுவிடும், அதற்கடுத்த நாள் மறுபடி வரும். வருகிற நாளில் பல்லோடு பல் அடிக்கும். இருக்கிற சாக்கையெல்லாம் போட்டு மூடினாலும் குளிர் நிற்காது. எங்கள் பக்கத்தில் அதை யாரும் காய்ச்சல் என்று சொல்லமாட்டார்கள். நடுக்கம் என்றுதான் சொல்வார்கள். "அவளுக்கு நடுக்கம்" என்றால் பிறகு விளக்கம் தேவையில்லை. கொயினாக் குளிசைதான் அதற்கு மருந்து, அது எங்கள் கரையில் தீர்ந்துபோயிருந்தது. நான் டவுணுக்கும் போய்க் கேட்டுவிட்டு வெறுங்கையோடு வந்தேன். பெருநிலப் பக்கம் முழுக்க நடுக்கம், மருந்து வந்த அன்றைக்கே முடிந்துவிட்டது என்றார்கள்.

இப்படி இருக்கையில், கப்பலில் வருகிற காய்கறி வாங்க அக்கா துறையடிக்கு வந்தார். அந்தக் கப்பலில் தேநீர் கொடுக்கிற ஆள் ஒருவர் இருந்தார், இராமநாதபுரத்துக்காரர், அக்காவின் ஏச்சுக்கு அடிமை. கப்பல் திரும்பிப் புறப்படுகிற நேரம். அவர் மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்துக் கத்தினார். பிறகு விசாரித்தபோது தெரிந்தது, அவர் கேட்டது நில நடுக்கத்தை. அக்கரையில் ஒரே புரளி, இராமர் அணை ஆடியதாம், மன்னார்த் தீவும் ஆடியதாம், பயணிகள் கேட்டுக் கேட்டு அவரைக் குடைகிறார்களாம். ஆனால் அடித்த வாடையில் முதற்சொல் காற்றோடு போய்விட்டது.

"அக்கா, உங்க ஊருல நடுக்கம் வந்துச்சாமே, நெசமா?"

தங்கச்சியைத்தான் கேட்கிறார் என்று அக்கா நினைத்தார். கேட்டதற்கு உள்ளதைச் சொன்னார்.

"ஓம், வந்ததுதான்! நேற்றுக் கட்டிலே ஆடினது! பிடிச்சும் நிக்கேல்லை!"

"இன்னும் இருக்கா?"

"ஒருநாள் விட்டு ஒருநாள் வருது! நாளைக்கும் வரும்!"

கப்பல் போய்விட்டது. அந்தச் சொல்லையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

அடுத்த கப்பலில் ஏழெட்டுத் தபால் பைகள்தான் வந்தன. அதற்கடுத்ததிலும் ஆள் இல்லை. காலி ரயில் கொழும்புக்குப் போனது. பங்களாவின் புது மெத்தைகளில் ஒருவரும் படுக்கவில்லை. கார்க்காரர் காருக்குள்ளேயே தூங்கினார். பனையோலைப் பெட்டி விற்கிற பெண்கள் காலையில் கொண்டுவந்ததை மாலையில் சுமந்துகொண்டு போனார்கள். அவர்கள்பாடுதான் பாவம், மெத்தைக்காரருக்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. இது ஏன் என்று யாருக்கும் விளங்கவில்லை. அப்போதுதான் அந்தத் தேநீர்க்காரர் மறுபடி வந்தார். துறையில் காலை வைக்காமல் மேலேயே நின்று கேட்டார்.

"அக்கா! இன்னிக்கு வர்ற நாளா, வராத நாளா?"

"நேற்று வந்தது. இண்டைக்கு இல்லை" என்றார் அக்கா.

அந்த ஆள் நெஞ்சில் கைவைத்து மூச்சு விட்டார். எனக்குச் சந்தேகம் வந்தது. எது வருகிறதைக் கேட்கிறீர் என்று கத்தினேன். நெல நடுக்கந்தான் சார், வேறென்ன என்றார். எனக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. அக்காவுக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. அதற்குள் பங்களாக்காரர் ஓடிவந்தார்.

"ஒரு நடுக்கமும் இல்லை! இந்தப் பொம்பிளைக்குப் புத்தி சரியில்லை! போய் எல்லாரையும் வரச் சொல்லும்!"

"நீங்க அப்படித்தான் சொல்வீங்க முதலாளி" என்றார் தேநீர்க்காரர். "அக்கா சொல்லட்டும். அக்காவுக்குப் பொய் வராது."

அக்கா தலையை நிமிர்த்திச் சொன்னார். "நிலம் ஆடேல்லை அண்ணை. உங்கடை சனத்தைப் பயப்பிட வேண்டாமெண்டு சொல்லுங்கோ. என்ரை தங்கச்சிக்குத்தான் நடுக்கக் காய்ச்சல்."

தேநீர்க்காரர் கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டார். "காய்ச்சலா?" என்று மட்டும் கேட்டார்.

அன்று பின்னேரம் பங்களாக்காரர் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு அக்காவின் முற்றத்துக்கு வந்தார். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"காய்ச்சலெண்டு ஏன் சொன்னனி? நிலம் ஆடினதெண்டால் நாலு நாளிலை மறந்துபோடுவாங்கள். காய்ச்சலெண்டால் வாற போறவையைப் பிடிச்சு முகாமிலை போடுவாங்கள். ஒரு வெள்ளைக்காரனும் இந்தப் பக்கம் வரான். நாளைக்குப் போய், ஒரு நடுக்கமும் இல்லையெண்டு சொல்லு!"

"உள்ளுக்கை ஒருத்தி நடுங்கிக்கொண்டு கிடக்கிறாள். இல்லையெண்டு எப்பிடிச் சொல்லுறது?"

"அது வேறை நடுக்கம், இது வேறை நடுக்கம்!"

"எனக்கு இந்த ஒண்டுதான் தெரியும்" என்றார் அக்கா. "எழும்பிப் போங்கோ. மனுசர் சாப்பிடுற இடம்."

பூமியதிர்ச்சிப் புரளி மேலிடத்துக்குப் போய்விட்டது. அதை விசாரிக்க ஒரு துரை வந்தார், கூடவே ஒரு எஞ்சினியரும் வந்தார். துறையின் தூண்களைத் தட்டிப் பார்த்தார்கள். பங்களாச் சுவர்களைத் தடவிப் பார்த்தார்கள். ஒரு வெடிப்பும் இல்லை. துரைக்கு மெத்தத் திருப்தி. புறப்படுகிற நேரம் அக்கா போய் முன்னால் நின்றார். துரையை அவர் ஏசவில்லை.

"நிலம் நடுங்கினதெண்டு கேள்விப்பட்டவுடனை ஓடி வந்தியள். சனம் நடுங்கேக்கை ஆர் வந்தது? கொயினா கொஞ்சம் அனுப்பச் சொல்லுங்கோ ஐயா, என்ரை தங்கச்சி செத்துப்போவாள்."

மொழிபெயர்த்தவர் பங்களாக்காரர். துரை வந்ததில் ஊர்ச் சனத்துக்குப் பெரிய சந்தோசம், அதைத்தான் இந்தப் பெண் சொல்லுகிறாள் என்று இங்கிலீசில் சொன்னார். துரை தொப்பியைத் தொட்டு அக்காவுக்கு மரியாதை செய்தார். அக்காவும் ஏதோ நல்லது நடந்துவிட்டது என்று கும்பிட்டார்.

நான் சும்மா விடவில்லை. முன்னால் போய், அவர் சொன்னது அதுவல்ல என்று சொல்லி, அக்கா சொன்னதை முழுவதும் சொன்னேன். துரையின் முகம் மாறியது. மருந்து அனுப்பச் சொல்கிறேன் என்றார். பங்களாக்காரர் நேரே என் ஸ்டேசன் மாஸ்டரிடம் போய் என்மேல் முறைப்பாடு வைத்தார். வைக்கட்டும் என்று விட்டேன்.

ரயில் வந்தது. சாமான் பெட்டியை நானே திறந்தேன். துறைக்குப் பூச வெள்ளைச் சாயம் வந்திருந்தது. தோரணம் கட்டக் கொடித்துணி வந்திருந்தது. பங்களாவுக்கு நாலு சாய்மனைக் கதிரை வந்திருந்தது. கொயினா வரவில்லை. அடுத்த ரயிலிலும் வரவில்லை. நான் ஒவ்வொரு மூட்டையாகப் புரட்டிப் பார்த்தேன். எங்கள் கரை நன்றாக இருக்கிறது என்று காட்டுவதற்கு வேண்டிய எல்லாம் வந்தது. நன்றாக இருப்பதற்கு வேண்டிய ஒன்று மட்டும் வரவில்லை. அந்தச் சாயப் பீப்பாவை உதைத்த உதையில் என் கால் விரல்தான் வீங்கியது.

கதிரைகளை ஒப்படைக்கப் பங்களாவுக்குப் போனபோது அங்கே அலுமாரியில் ஒரு போத்தலைக் கண்டேன். நிறையக் கொயினாக் குளிசை. துரைமார் தங்குகிறபோது பின்னேரத்தில் ஒவ்வொன்று விழுங்குவார்களாம், அதற்காக வைத்திருக்கிறதாம். நாலு குளிசை தாருங்கள் என்று கேட்டேன். என் வாழ்க்கையில் அந்த மனிதனிடம் கெஞ்சினது அந்த ஒருமுறைதான்.

"அது விருந்தாளியளுக்கு வைச்சது" என்றார்.

திரும்பி வந்து அக்காவிடம் சொன்னேன். அவர் கையைத் துடைத்துவிட்டு அப்படியே எழும்பி நடந்தார். நானும் பின்னால் போனேன். பங்களாக்காரருக்கு அக்காவைக் கண்டதும் முகம் மலர்ந்தது. மறுநாள் ஒரு கூட்டம் வெள்ளைக்காரர் அக்கரையிலிருந்து கப்பலில் வரப்போகிறார்கள், தேநீர்க்காரர் அக்காவிடம் நல்ல சொல் கேட்டுச் சொன்னால்தான் இறங்குவோம் என்கிறார்கள் என்று செய்தி வந்திருந்தது. காலைக் கப்பல் துறைக்கு வந்ததும் அவர்களும் மேல்தட்டில் நின்று கேட்பார்கள்.

"ஒரு வார்த்தை, பிள்ளை. நடுக்கம் இல்லையெண்டு உன்ரை வாயாலை சொல்லு. சொன்ன கையோடை போத்தலைத் தாறன். முழுப் போத்தலையும்."

"நாளைக்கு அது வாற நாள், முதலாளி. இண்டைக்கே ரெண்டு குளிசை தாங்கோ. நாளைக்கு வந்து சொல்லுறன்."

"முதலிலை சொல்லு."

அக்கா நின்றார். நேற்றைய மீனை நேற்றையது என்று சொல்லி, வந்த வாடிக்கையை எழுப்பி விட்ட மனுசி. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. யார் சொல்வார்கள்? பொய்யாவது மண்ணாவது, அந்தக் குளிசை கிடைத்தால் போதும் என்றுதான் எனக்கும் இருந்தது.

"சொல்லுறன்" என்றார் அக்கா.

அந்த ஆள் போத்தலை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டார். எனக்கு அந்தக் கதவை உடைக்கத் தோன்றியது. ஒரு மனிதரிடம் உள்ள ஒரே சொத்தைப் பறித்தால்தான் மருந்து தருவேன் என்கிறவனை என்ன பெயர் சொல்லி ஏசுவது? ஏச்சில் ஊரையே வென்ற அக்கா அன்று தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்கு நடந்தார்.

காலையில் துறை முழுக்கத் தோரணம். சாயம் இன்னும் காயவில்லை, அதன் மணம் மூக்கைப் பிடுங்கியது. பங்களாக்காரர் மாலைகளோடு நின்றார், போத்தலும் கையில் இருந்தது. அக்கா சேலைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டு, பூசைக்குப் போகிறவர் மாதிரி வந்தார். என்னைப் பார்க்கவில்லை. கப்பல் நெருங்கியது. மேலே தொப்பிகளும் குடைகளுமாக வெள்ளைக்காரர் நின்றார்கள். தேநீர்க்காரர் குனிந்து கேட்டார்.

"அக்கா, நீங்க சொல்லுங்க. இருக்கா, இல்லையா?"

அக்கா மேலே பார்த்தார். எல்லாருக்கும் கேட்கிற குரலில் சொன்னார்.

"என்ரை வீட்டிலை நடுக்கம் நிண்டிட்டுது. இனி வராது."

தேநீர்க்காரர் திரும்பி அதைச் சொன்னார். யாரோ இங்கிலீசில் சொன்னார்கள். மேலே கை தட்டினார்கள். ஒரு அம்மா கைக்குட்டையை ஆட்டினார். பலகையை இறக்கினார்கள். பங்களாக்காரர் பல் தெரியச் சிரித்துக்கொண்டு வந்து, சொன்ன சொல் தவறாதவன் என்பது மாதிரிப் போத்தலை அக்காவின் கையில் வைத்தார். அக்கா அதை வாங்கி என்னிடம் நீட்டினார். அவருடைய விரல்கள் சில்லென்று இருந்தன.

"தம்பி, கரையிலை மீன்வாடிக் குடிசையளிலை ரெண்டு மூண்டு பேர் நடுங்கிக்கொண்டு கிடக்கினம். ஓடிப்போய் அவைக்குக் குடுங்கோ. நான் கோவில் சுவாமியாரைக் கண்டுபோட்டு, சவக்காலையிலை கிடங்கு வெட்ட ஆள் பாக்கோணும். தங்கச்சி விடியக்காலமை போயிட்டாள்."

நான் போத்தலோடு நின்றேன். அக்கா இறங்கி வருகிற விருந்தாளிகளுக்கு வழிவிட்டு ஒதுங்கி, சாயம் படாமல் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கோவில் பக்கம் நடந்தார். எனக்குப் பின்னால் பங்களாக்காரர் ஒவ்வொருவர் கழுத்திலும் மாலை போட்டுக்கொண்டிருந்தார்.